குட்டிக்குக் கழிச்சல்: ஊசிக்கு முன்னால் உப்புநீர்

அத்தியாயம் 7

சூலியா தெருவில் இன்று ஆடும் இல்லை, மாடும் இல்லை. ஆனாலும் பினாங்குச் சீனர்கள் ஹொக்கியனில் அந்தத் தெருவை இன்னமும் ‘கூ கான் தாங்’, அதாவது மாட்டுக்கொட்டகை என்றுதான் சொல்கிறார்கள். நம்மவர்கள் அங்கே மாடு கட்டிய காலத்தின் பெயர் அது. இப்போது கொட்டகைகள் அக்கரையில், செபராங் பிறையில் இருக்கின்றன: புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கம். உரிமையாளர்களில் பலர் இக்கரையில் கடை நடத்துகிறார்கள். பார்த்துக்கொள்பவர் காலையில் போன் போட்டு, “குட்டி ரெண்டு கழியுது, என்ன செய்ய?” என்கிறார். கடையை விட்டுவிட்டு ஓட முடியாது. தெரிந்தவரிடம் கேட்டு ஏதோ ஒரு பொடியோ ஊசிமருந்தோ வாங்கி அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தப் போன் வரும்போது என்ன சொல்ல வேண்டும், சாயங்காலம் ஃபெரி ஏறிப் போய் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம். பிறந்து 2 மாதத்துக்குள் இருக்கும் ஆட்டுக்குட்டிக்கும் கன்றுக்கும் இது பொருந்தும்.

தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்

கழியும் குட்டியைக் கொல்வது பெரும்பாலும் கிருமி அல்ல, நீரிழப்பு. தண்ணீரும் உப்பும் வெளியேறி, இரத்தத்தில் அமிலம் ஏறி, குட்டி தளர்ந்து சாகிறது.

காரணம் வயதைப் பொறுத்து மாறும். கன்றில் முதல் 4 நாளுக்குள் கழிந்தால் ஈ கோலை பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். 5 நாளிலிருந்து 2 வாரம் வரை ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி ஆகியவை முன்னால் நிற்கும். 3 வாரத்துக்கு மேல் காக்சிடியா வரும், சால்மொனெல்லாவும் வரலாம். ஆட்டுக்குட்டியிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். இந்தப் பட்டியலில் ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படுபவை ஈ கோலையும் சால்மொனெல்லாவும் மட்டுமே. வைரஸையும் கிரிப்டோவையும் அது தொடாது. காக்சிடியாவுக்கு மருந்தே வேறு.

அப்படியானால் ஊசி போட்ட குட்டிகள் எப்படிப் பிழைக்கின்றன? பாதிக்கு மேல் ஊசி இல்லாமலே பிழைத்திருக்கும் என்பது என் கணிப்பு. ஊசிக்குக் கிடைத்த நல்ல பெயர், தானே தேறிய குட்டிகள் வாங்கிக் கொடுத்தது.

தேவையில்லாமல் கொடுத்த மருந்து சும்மாவும் போவதில்லை. குட்டியின் குடலில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவில் அந்த மருந்துக்குச் சாகாதவை மட்டும் மிஞ்சிப் பெருகும். சாணத்தில் இறங்கி, பலகையில் ஒட்டி, அடுத்த குட்டியின் வாய்க்கும் உங்கள் கைக்கும் வரும். எதிர்ப்புத்திறனைத் தரும் மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றவும் செய்யும். கோலிஸ்டின் என்ற மருந்துக்கு அப்படிக் கைமாறும் எம்.சி.ஆர்.-1 மரபணுவை 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அவர்கள் அதை முதலில் கண்டது ஒரு பன்றியின் ஈ கோலையில். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத தொற்றோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் மனிதருக்கு டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். அதைத்தான் உலகம் முழுக்கக் கோழிக்கும் பன்றிக்கும் கன்றுக்கும் கழிச்சல் மருந்தாக வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். உணவுக்கான கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை மலேசியாவும் இந்தியாவும் 2019இல் தடை செய்தன. பழைய பாக்கெட் எங்காவது கிடந்தால், கோலிஸ்டின் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொட்டகைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

போனிலேயே சொல்ல வேண்டியவை

1. கழியும் குட்டியைத் தாயோடு சேர்த்துத் தனி அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். மற்ற குட்டிகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டாம். அவை ஏற்கெனவே கிருமியை வாங்கியிருக்கலாம். இன்னொரு இடத்துக்கும் அதைக் கொண்டுபோகும்.
2. நல்ல குட்டிகளுக்கு முதலில் பால் கொடுத்து, வேலை முடித்து, கடைசியாகத்தான் நோயாளியிடம் போக வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது.
3. எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம். முக்கியமாக, போன தடவை மிஞ்சிய பாட்டில் அலமாரியில் இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம்.
4. சுத்தமான தண்ணீர் எட்டும் இடத்தில் இருக்கட்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

குட்டியைப் பார்க்கும் முறை

கையுறை போட்டுக்கொண்டு தொடங்குங்கள். பேனாவும் நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

1. எடை. குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடைக்கருவியில் ஏறுங்கள். பிறகு குட்டி இல்லாமல் ஏறுங்கள். வித்தியாசம்தான் எடை. கண்ணால் மதிப்பிடாதீர்கள். உப்புநீரோ மருந்தோ எல்லாக் கணக்கும் எடையில்தான் நிற்கிறது.
2. சூடு. ஆசனவாயில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். குட்டிக்கு 38.5 முதல் 40 பாகை செல்சியஸ், கன்றுக்கு 38.5 முதல் 39.5 வரை சரியான அளவு.
3. வாய். சுண்டுவிரலை உள்ளே விடுங்கள். விரலைப் பலமாகச் சப்புகிறதா, மெல்லவா, சப்பவே இல்லையா? வாய் உள்ளே சில்லென்று இருந்தால் நிலைமை மோசம்.
4. தோல். கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்து விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. 2 விநாடிக்கு மேல் கூடாரம்போல நின்றால் நீரிழப்பு.
5. கண். இமைக்கும் விழிக்கும் இடையே பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள்.
6. சாணம். தண்ணீராகவா, மஞ்சளாகவா, இரத்தமோ சவ்வோ கலந்திருக்கிறதா? நிறத்தை வைத்துக் கிருமியின் பெயரைச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. நம்பாதீர்கள், ஆய்வகத்துக்கே சோதித்துப் பார்த்துத்தான் தெரிகிறது.

எழுந்து நிற்கிறது, விரலைப் பலமாகச் சப்புகிறது, சூடு சரியாக இருக்கிறது, இரத்தம் இல்லை என்றால் உப்புநீரும் பாலும் போதும். ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.

நிற்க முடியவில்லை, சப்பவில்லை, காய்ச்சல், சாணத்தில் இரத்தம், தொப்புள் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். கழிச்சலோடு உடலும் ஓய்ந்துபோன கன்றுகளைச் சோதித்த ஆய்வுகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் பாக்டீரியா இரத்தத்துக்குள் புகுந்திருந்தது. ஆன்டிபயாட்டிக்கால் உயிர் பிழைப்பவை இந்தக் குட்டிகள்தான். மற்றவற்றுக்கு வீணாக்காமல் இருந்தால்தான் இவற்றுக்குக் கொடுக்கும்போது மருந்து வேலை செய்யும்.

எச்சரிக்கை: சூடு 37 பாகைக்குக் கீழே இறங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். துணியால் துடைத்துக் காயவைத்து மருத்துவரை அழையுங்கள். பிறந்து 5 மணி நேரம் கடந்த குட்டி என்றால், இரத்தத்தில் சர்க்கரை ஏற்றாமல் விளக்கைப் போட்டுச் சூடாக்கினால் வலிப்பு வரலாம். குளுக்கோஸ் ஊசி போட்ட பிறகுதான் சூடேற்ற வேண்டும், அது மருத்துவரின் வேலை.

உப்புநீர்: கலக்கும் முறையும் கொடுக்கும் முறையும்

கன்றுகளுக்கென்றே விற்கும் எலக்ட்ரோலைட் பொடி கிடைத்தால் அதுவே மேல். இரத்தத்தில் ஏறிய அமிலத்தை முறிக்கும் அசிட்டேட்டோ பைகார்பனேட்டோ அதில் சேர்ந்திருக்கும். கிடைக்காத இரவில், மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போதும். எத்தனை மில்லிலிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட் என்பதைப் படித்து, அதே அளவில் கலக்குங்கள். ‘கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும்’ என்று தண்ணீரைக் குறைத்தால், உப்பு மிகுந்து கழிச்சல் கூடும், மூளையும் பாதிக்கப்படும்.

இங்கே நம் வீடுகளில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. குழந்தைக்குக் கொடுப்பதுபோல உப்பும் சீனியும் கலந்து கொடுக்கிறார்கள். மனிதக் குழந்தைக்கு அது சரி. கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் சீனியைச் செரிக்கும் நொதி குடலில் இல்லை. செரிக்காத சீனி குடலிலேயே தங்கி, உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை இழுத்துக் கழியவைக்கும். வெல்லமும் அதே வகைதான். குளுக்கோஸ் பொடியாகத்தான் இருக்க வேண்டும்.

பாக்கெட் இல்லாமல் நீங்களே கலப்பதானால், உலக சுகாதார நிறுவனத்தின் பழைய கலவை 1 லிட்டருக்கு இது: குளுக்கோஸ் 20 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். நகைக்கடைத் தராசுபோல நுட்பமாக நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு வேண்டும். தராசு இல்லையென்றால் கரண்டிக் கணக்கில் இறங்காமல் பாக்கெட்டே வாங்கிக்கொள்ளுங்கள்.

1. கொதித்து ஆறிய தண்ணீரை உடல் சூட்டுக்கு, சுமார் 39 பாகைக்குக் கொண்டுவந்து கலக்குங்கள்.
2. ஒரு வேளைக்கு எடையில் 20இல் ஒரு பங்கு. 3 கிலோ குட்டிக்கு 150 மி.லி., 20 கிலோ கன்றுக்கு 1 லிட்டர்.
3. பாலுக்கும் உப்புநீருக்கும் இடையே குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். சோடா கலந்த நீர் பால் வயிற்றில் உறைவதைக் கெடுக்கும்.
4. பாலும் உப்புநீருமாக 24 மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 200 மி.லி. போக வேண்டும். 3 கிலோ குட்டிக்கு 600 மி.லி.; நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.
5. நிப்பிள் பாட்டிலில் தலை கிடைமட்டமாக இருக்கும்படி கொடுங்கள். சப்பாத குட்டியின் வாயைத் திறந்து பாட்டிலால் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். கழிச்சலில் பிழைத்த குட்டி நிமோனியாவில் சாவது இப்படித்தான். சப்பாத குட்டிக்கு வயிற்றுக்குழாய் வேண்டும். அதை முதல் தடவை மருத்துவர் முன்னால் செய்து பழகுங்கள்.
6. கலந்த நீரை 12 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். நம் வெக்கையில் அதிலேயே கிருமி வளரும்.

பாலை நிறுத்தினால் கழிச்சல் நிற்கும் என்பது பழைய நம்பிக்கை. நிற்பதுபோலத் தோன்றும், ஏனென்றால் உள்ளே ஒன்றும் போகவில்லை. குட்டி பட்டினியில் இளைக்கும். வழக்கமான பாலையே சின்னச் சின்ன அளவாக, அதிகத் தடவையாகக் கொடுங்கள். மனிதருக்கு வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையும் வேண்டாம். அது வெளியே போக வேண்டிய கிருமியையும் நச்சையும் குடலிலேயே அடைத்துவைக்கும்.

தமிழ்நாட்டில் தஞ்சாவூர்ப் பேராசிரியர் நா. புண்ணியமூர்த்தி பரவலாக்கிய கால்நடை மூலிகை வைத்தியத்தில் கழிச்சலுக்குச் சீரகம், வெந்தயம், கசகசா, மிளகு, மஞ்சள், பெருங்காயம் எல்லாம் அரைத்துக் கொடுப்பார்கள். சரக்கு அத்தனையும் சூலியா தெருவைச் சுற்றியுள்ள மளிகைக்கடைகளில் கிடைக்கும். பொதுவாக வளர்ந்த மாட்டுக்கான அளவே புழக்கத்தில் இருப்பதால், மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துக் கொடுங்கள். உப்புநீரோடு சேர்த்துக் கொடுங்கள், அதற்குப் பதிலாக அல்ல.

மருத்துவரிடம் பேசும்போது

“டாக்டர், குட்டி கழியுது, ஊசி சொல்லுங்க” என்று தொடங்கினால் அவரும் ஊசிதான் சொல்வார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “டாக்டர், 9 நாள் குட்டி, 3 கிலோ 200. நேத்து ராத்திரியிலிருந்து தண்ணியா கழியுது. சூடு 39.2. விரலைச் சப்புது, ஆனா மெதுவா. இரத்தம் இல்லை. மூணு வேளை உப்புநீர் கொடுத்தாச்சு. அஞ்சு குட்டியில ரெண்டு.” அவர் முடிவெடுக்க வேண்டிய விவரமெல்லாம் இதில் இருக்கிறது.

சாண மாதிரி எடுத்தல்

ஒரே வாரத்தில் இரண்டாவது குட்டியும் கழிந்தாலோ, கொடுத்த மருந்து 2 நாளில் கேட்காவிட்டாலோ, மாதிரி அனுப்பாமல் அடுத்த மருந்துக்குத் தாவாதீர்கள். வடக்கு மாநிலங்களுக்கான கால்நடை ஆய்வகம் புக்கிட் தெங்ஙாவிலேயே இருக்கிறது. மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேட்டால் அனுப்பும் முறையைச் சொல்வார்கள்.

1. ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்னால் எடுங்கள். ஒரு ஊசி போட்டுவிட்டாலே தட்டில் ஒன்றும் முளைக்காமல் போகலாம்.
2. தரையில் கிடப்பதை வாரக் கூடாது. கையுறை விரலால் ஆசனவாயைத் தூண்டினால் குட்டி சாணம் போடும். நேராகச் சுத்தமான, மூடி போட்ட டப்பாவில் பிடியுங்கள். இரண்டு தேக்கரண்டி போதும்.
3. குட்டி எண், வயது, தேதி, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் டப்பாவின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் ஆய்வகத்தில் மூடி மாறிவிடும்.
4. ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேருங்கள். உறைய விடாதீர்கள்.
5. ‘எந்த மருந்து கேட்கும் என்ற சோதனையும் வேண்டும்’ என்று கேட்டு எழுதிக்கொடுங்கள்.

அந்தச் சோதனையை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் பிறகு யாரும் கண்டபடி ஊசி போட மாட்டார்கள். தட்டையான கண்ணாடி மூடித் தட்டு. அதில் ஊட்டக்கூழ் மேல் உங்கள் குட்டியின் பாக்டீரியா மங்கலான வெள்ளைப் படலமாகப் படர்ந்திருக்கும். மேலே பொத்தான் அளவில் வெள்ளைக் காகிதத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து கேட்டால் துண்டைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வெற்று வட்டம் விழுந்திருக்கும். கேட்காத மருந்தின் துண்டு வரை படலம் ஏறி, காகிதத்தின் விளிம்பையே தொட்டுக்கொண்டு நிற்கும். எந்தெந்தத் துண்டைச் சுற்றி வட்டம் இல்லையோ, அந்த மருந்தெல்லாம் உங்கள் கொட்டகையில் காசுக்குப் பிடித்த கேடு. முடிவு வர 3, 4 நாள் ஆகும். அதுவரை குட்டியைத் தாங்குவது உப்புநீர்தான்.

ஆன்டிபயாட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால்

மலேசியாவில் ஆன்டிபயாட்டிக்குகள் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. மருத்துவர் சொல்லாமல் வாங்குவது சட்டப்படியும் தவறு.

1. லேபிளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத பொடி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.
2. எடைக்கு ஏற்ற அளவு, சொன்ன இடைவெளி, சொன்ன நாள் வரை. இரண்டாம் நாள் குட்டி துள்ளுகிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்கூட்டி நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.
3. நோயுற்ற குட்டிக்கு மட்டும். மொத்தக் கூட்டத்தின் குடிநீரில் கலப்பதுதான் எதிர்ப்புத்திறனை வளர்க்கும் குறுக்குவழி.
4. கோழி மருந்து, வீட்டில் மிஞ்சிய மனித மாத்திரை இரண்டும் கூடாது.
5. ஊசி மருந்து ஏற்றிய தாயின் பாலை, காத்திருப்பு நாள் (பாலிலிருந்து மருந்து நீங்கும்வரை மருத்துவரோ லேபிளோ சொல்லும் காலம்) முடியும்வரை எந்தக் குட்டிக்கும் ஊட்டாதீர்கள். விற்க முடியாத பால்தானே என்று கன்றுக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தெரியும். அதிலுள்ள சிறிதளவு மருந்து கன்றின் குடலில் எதிர்ப்புக் கிருமிகளை வளர்ப்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2017இல் உறுதி செய்தது.

உங்கள் பாதுகாப்பு

சால்மொனெல்லாவும் கிரிப்டோவும் மனிதருக்கும் தொற்றும். கர்ப்பிணிகள், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், நீரிழிவோ புற்றுநோய் சிகிச்சையோ உள்ளவர்கள் கழியும் குட்டியைத் தொட வேண்டாம். கொட்டகைக்கென்று தனிச் செருப்பு, தனிச் சட்டை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிருமிநாசினி ஜெல் கிரிப்டோவைக் கொல்லாது, சாதாரண குளோரினும் அதனிடம் தோற்கும். பாட்டிலையும் நிப்பிளையும் கொதிநீரில் போடுங்கள். கொட்டகை வேலை முடித்த கையோடு உங்கள் நாசி கண்டார் கடைக்குப் போய் நிற்க வேண்டாம், குளித்து உடை மாற்றிவிட்டுப் போங்கள்.

நம் பலகைக் கொட்டகையில் சாணம் இடுக்கு வழியே கீழே விழுவது பெரிய வசதி. ஆனால் குட்டி அறையின் இடுக்கில் படிந்தது அங்கேயே இருக்கும். முதலில் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, பிறகுதான் கிருமிநாசினி. சாணத்தின் மேல் ஊற்றிய மருந்து சாணத்தோடு போய்விடும். அந்தச் சாணத்தைப் பச்சையாகக் காய்கறிக்குப் போடாதீர்கள். குவித்து, உள்ளே 55 பாகை சூடேறும்படி புரட்டி மக்கவிட்டுப் போடுங்கள்.

அடுத்த ஈற்றுக்கு

இத்தனை பாடும் பெருமளவு குறைய ஒரே வழி சீம்பால். குட்டி பிறக்கும்போது நோய் எதிர்ப்பு ஏதும் இல்லாமல் பிறக்கிறது; அத்தனையும் சீம்பாலில்தான் வருகிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் அதை உறிஞ்சும் வழி குடலில் மூடிக்கொள்ளும். குட்டிக்கு ஒரு கிலோ எடைக்கு 50 மி.லி. முதல் 2 மணி நேரத்தில், ஒரு நாளில் மொத்தம் 200 மி.லி. கன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு, பாதியை முதல் 2 மணி நேரத்தில். ஈன்ற வீட்டில் சீம்பால் அவித்து வெல்லம் போட்டு அக்கம்பக்கம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கன்று வயிறு நிறைந்த பிறகு மிஞ்சியதில் செய்யுங்கள். பிறந்த உடனே தொப்புளை 7 விழுக்காடு அயோடினில் முக்குங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள்.

ஒரு நோட்டு

கொட்டகைச் சுவரில் ஆணியடித்து ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். ஈன்ற நேரம், சீம்பால் குடித்த அளவு, கழிந்த தேதி, கொடுத்தது எது, எத்தனை மி.லி., எந்த நாள்வரை பாலோ இறைச்சியோ விற்கக் கூடாது என்பதை அதில் எழுதுங்கள். உங்கள் பணியாளர் தமிழ் எழுதாதவர் என்றால் அவர் மொழியிலேயே எழுதட்டும். மருத்துவர் வந்தால் முதலில் அந்த நோட்டைக் கொடுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு பிடிக்க வருபவரிடமும், அவர் கேட்காவிட்டாலும், அதைக் காட்டுங்கள்.